ஐஸ் பிடித்துப்போனவருக்கு அரசுச் செலவில் வக்கீல்: நியூயார்க் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவரை ஐஸ் (அமெரிக்க மத்திய அரசின் குடியேற்ற அமலாக்கப் பிரிவு) பிடித்துக்கொண்டு போய்விட்டது, தனியார் வக்கீல் வைக்க வசதியில்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. இந்த நிலையில் இதைப் படிப்பவர்கள் முதல் மூன்று பகுதிகளை மட்டும் படித்துவிட்டு ஃபோனை எடுங்கள். மீதியை ராத்திரி படித்துக்கொள்ளலாம். என் மைத்துனர் பிடிபட்டபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், பாதி தப்பு. சரியென்று தெரிந்துகொண்டதை மட்டும் வரிசையாக எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வக்கீலிடம் போய்ச் சேரும் வழியைத்தான் சொல்கிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். காசில்லாதவருக்கு அரசாங்கமே வக்கீல் வைத்துக்கொடுக்கும் என்பது குற்ற வழக்குக்குத்தான். நாடுகடத்தல் வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் மத்திய அரசு அதற்குக் காசு தராது. சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதனால்தான் நியூயார்க் நகராட்சி 2013 கடைசியில் தன் பணத்தைப் போட்டு ஒரு திட்டம் தொடங்கியது: நியூயார்க் இமிக்ரண்ட் ஃபேமிலி யூனிட்டி ப்ராஜெக்ட். வக்கீல்கள் இதைச் சுருக்கி ‘நைஃபப்’ என்பார்கள். நகரத்துக்குள் மூன்று அமைப்புகள் இதை நடத்துகின்றன: ப்ராங்ஸ் டிஃபென்டர்ஸ், ப்ரூக்ளின் டிஃபென்டர் சர்வீசஸ், லீகல் எய்ட் சொசைட்டி. இந்த மூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசம் என்பதால் தரம் குறைவாக இருக்கும் என்று நினைத்துக் கடன் வாங்கிக்கொண்டு தனியார் வக்கீலிடம் ஓடுகிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். காவலில் இருப்பவர்களின் வழக்கை நாள் முழுக்க, வருஷம் முழுக்க நடத்துகிறவர்கள் இந்த மூன்று அலுவலகத்து வக்கீல்கள். விசா விண்ணப்பம் போட்டுப் பழகிய வக்கீலைவிட இந்த வேலையில் இவர்கள்தான் கைதேர்ந்தவர்கள் என்பது என் முடிவு.

1. ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

முதலில் வேண்டியது ஏ-நம்பர். குடியேற்ற அலுவலகம் ஒருவரின் கோப்புக்குக் கொடுக்கும் ஒன்பது இலக்க எண். எட்டுதான் இருக்கிறது என்றால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். வேலை அனுமதி அட்டையிலும் கிரீன் கார்டிலும் ‘யு.எஸ்.சி.ஐ.எஸ். நம்பர்’ என்று இருப்பது இதுதான். இமிக்ரேஷன் கோர்ட்டிலிருந்து வந்த எந்தக் கடிதத்திலும் இருக்கும். வீட்டில் ஒருவர் பழைய காகிதங்களைத் தேட, இன்னொருவர் ஃபோனில் உட்காருங்கள்.

ஏ-நம்பரும் பிறந்த நாடும் தெரிந்தால் ஐஸ் இணையதளத்தில் உள்ள ‘டீடெய்னி லொக்கேட்டர்’ பக்கத்தில் தேடலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். எண் இல்லாவிட்டால் பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் நம் பெயர்களுக்கு இங்கேதான் சிக்கல். எழுத்து ஒன்று மாறினாலும் ‘இல்லை’ என்றுதான் வரும். அப்பா பெயர் முன்னாலா பின்னாலா என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். குடும்பப் பெயர் இல்லாத இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அடித்திருப்பார்கள். அதையே முதல் பெயராகவும், சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராகவும் போட வேண்டும். பிறந்த நாடு என்றால் பிறந்த நாடுதான், குடியுரிமை நாடு இல்லை. தமிழ்நாட்டு முகாமில் பிறந்த இலங்கைத் தமிழருக்கு இந்தியா என்று போட்டால்தான் வரக்கூடும்.

பிடித்த அன்றைக்கே பெயர் வந்துவிடாது. மன்ஹாட்டனில் ஐஸ் அலுவலகம் உள்ள 26 ஃபெடரல் பிளாசா கட்டடத்திலேயே வைத்திருக்கும்போது ஒன்றுமே காட்டாமல் இருக்கலாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். அங்கிருந்து கோஷன் ஊரில் உள்ள ஆரஞ்சு கவுண்டி சிறைக்கோ, நியூ ஜெர்சியில் நியூவார்க்கின் டிலேனி ஹாலுக்கோ, எலிசபெத் டிடென்ஷன் சென்டருக்கோ அனுப்பலாம். பென்சில்வேனியா, லூசியானா, டெக்ஸஸ் என்று தூரத்துக்கும் அனுப்புகிறார்கள். அவசரம் என்று நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான், மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

கோர்ட்டில் வழக்கு ஏற்கெனவே இருக்கிறதா, அடுத்த தேதி என்ன என்று அறிய 1-800-898-7180 என்ற தானியங்கி எண்ணில் ஏ-நம்பரை அழுத்தினால் போதும். இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்யும், காசில்லை.

விசா, கிரீன் கார்டு எதுவும் இல்லாதவர்கள் விசாரிக்கவென்று ஐஸ் அலுவலகத்துக்கோ சிறைக்கோ நேரில் போகக் கூடாது. அங்கே அடையாள அட்டை கேட்பார்கள். குடியுரிமை உள்ள நண்பர் ஒருவரை அனுப்புங்கள்.

2. முதல் ஃபோன் வரும்போது சொல்ல வேண்டியவை

உள்ளே இருப்பவருக்கு முதலில் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். அழுது தீர்க்க அது போதாது. இதை மட்டும் சொல்லுங்கள்:

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. ‘வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும். கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் வெளியே விடுவோம் என்று நீட்டுகிற தாள், நாடுகடத்தலுக்குத் தானே சம்மதிக்கிற தாளாகவோ, நீதிபதியைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிற தாளாகவோ இருக்கலாம்.

ஊருக்குத் திரும்பினால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற பயம் உண்மையிலேயே இருந்தால், அதை அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நீதிபதியிடம் போகாமலே திருப்பி அனுப்பும் துரித நடைமுறை ஒன்று உண்டு. அதில் சிக்கியவர் வாய் திறந்து பயத்தைச் சொன்னால்தான் நேர்காணல் வைப்பார்கள். பழைய நாடுகடத்தல் உத்தரவோடு திரும்பி வந்தவருக்கும் இதேதான்.

எங்கே இருக்கிறாய், கையில் என்ன தாள் கொடுத்தார்கள், அதில் தேதி என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏ-நம்பரை அவரையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

எப்படி நாட்டுக்குள் வந்தார், ஊரில் என்ன நடந்தது என்பதை அந்த ஃபோனில் பேச வேண்டாம். குடும்பத்தோடு பேசும் அழைப்புகள் பதிவாகின்றன. வக்கீலோடு பேசுவதற்கு வேறு ஏற்பாடு உண்டு. சுவரில் ஒட்டியிருக்கும் இலவசச் சட்ட உதவிப் பட்டியலில் உள்ள எண்களுக்குக் காசில்லாமல் பேசலாம் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

3. அன்றைக்கே வக்கீல் அலுவலகத்துக்குப் பெயர் போய்ச் சேர வேண்டும்

நைஃபப் வழக்கமாக நடக்கும் விதம் இது: மன்ஹாட்டன் வாரிக் தெரு 201-இல் உள்ள இமிக்ரேஷன் கோர்ட்டில் காவலில் இருப்பவர்களின் வழக்குகள் நடக்கின்றன. வக்கீல் இல்லாமல் அங்கே முதல் முறை வருகிறவர்களை இந்த மூன்று அலுவலகத்தார் பேட்டி எடுத்து, தகுதியிருந்தால் வழக்கை எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் சும்மா இருந்தாலே வக்கீல் வந்துவிடுவார் என்று தோன்றும். முதல் ஹியரிங் வரை அவரை இங்கேயே வைத்திருந்தால் சரி. வைத்திருப்பார்கள் என்று எந்த உறுதியும் இல்லை.

லூசியானாவுக்கு மாற்றிவிட்டால் வழக்கும் பெரும்பாலும் அங்கேயுள்ள கோர்ட்டுக்குப் போய்விடும். நியூயார்க் நகராட்சிப் பணத்தில் வேலை செய்யும் வக்கீல் அங்கே வந்து வாதாடுவது கஷ்டம். ஆனால் ஆள் இங்கே இருக்கும்போதே மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டால், பிறகு வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனாலும் அந்த மனுவை விசாரிக்கும் அதிகாரம் இங்கேயுள்ள நீதிபதிக்கே இருக்கும். மனு போடும் நேரத்தில் ஆள் எந்த மாவட்டத்தில் இருந்தார் என்பதுதான் கணக்கு. மன்ஹாட்டனிலோ கோஷனிலோ இருந்தால் சதர்ன் டிஸ்ட்ரிக்ட், ப்ரூக்ளின் என்றால் ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட், நியூவார்க் என்றால் நியூ ஜெர்சி. இந்த மனுவுக்குக் கோர்ட் கட்டணம் 5 டாலர்தான். எல்லா வழக்கிலும் இந்த மனு பொருந்தாது. பொருந்துமா என்று பார்க்க வக்கீலுக்கு அவகாசம் வேண்டும், அந்த அவகாசம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது.

ஆகவே வரிசையாக அழையுங்கள். மூன்று அலுவலகங்களின் இமிக்ரேஷன் பிரிவையும் கூப்பிட்டு, “காவலில் இருக்கிறார், இன்னும் நியூயார்க்கில் இருக்கிறார், மாற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறோம்” என்று இதே வரிசையில் சொல்லுங்கள். குடும்ப வரலாறு அப்புறம். நகரத்துக்குள் 311-ஐ அழைத்து இமிக்ரேஷன் வக்கீல் வேண்டும் என்றால் இணைப்பார்கள். மாநிலம் முழுவதற்குமான புதுக் குடியேறிகள் அலுவலக உதவி எண் 1-800-566-7636. ஆங்கிலம் தடுமாறினால் “தமிழ் இன்டர்பிரட்டர்” என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள், லைனை வைத்துவிடாதீர்கள்.

அழைப்பதற்கு முன் ஒரு தாளில் இவ்வளவும் இருக்கட்டும்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், ஏ-நம்பர், பிறந்த தேதி, பிறந்த நாடு, எப்போது எங்கே பிடித்தார்கள், எப்போது எப்படி அமெரிக்கா வந்தார், முன்பு கோர்ட் உத்தரவு ஏதும் உண்டா, போலீஸ் வழக்கு உண்டா, மருந்து மாத்திரை உண்டா, அவர் பேசும் மொழி.

குற்ற வழக்கு ஏதாவது நடந்துகொண்டிருந்தால் அந்த வழக்கில் அவருக்காக அரசுச் செலவில் வாதாடும் வக்கீலைத்தான் (பப்ளிக் டிஃபென்டர்) முதலில் கூப்பிட வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்றத்தில் என்ன ஆகும் என்று சொல்வது அந்த வக்கீலின் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. நியூயார்க் நகரத்துப் பப்ளிக் டிஃபென்டர் அலுவலகங்களில் இதற்கென்றே இமிக்ரேஷன் வக்கீல்கள் உள்ளேயே இருக்கிறார்கள். இந்தக் குறுக்குவழி பலருக்குத் தெரிவதில்லை.

4. யாருக்குக் கிடைக்கும்

வருமானம்தான் முக்கியமான வரம்பு: மத்திய வறுமைக்கோட்டுக் கணக்கில் இரண்டு மடங்குக்குள். 2025 கணக்கின்படி தனி ஆளுக்கு வருஷம் 31,300 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 64,300 டாலர். இந்த எண் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். கொஞ்சம் கூடினாலும் நீங்களே முடிவு கட்டிக்கொண்டு அழைக்காமல் விட்டுவிடாதீர்கள், அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

வழக்கு ஜெயிக்குமா தோற்குமா என்று பார்த்து எடுப்பதில்லை, அதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை. விசா இல்லை என்பது தடையில்லை. இந்த இடத்தில் ஒரு குழி: மத்திய அரசின் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் பணத்தில் நடக்கும் சட்ட உதவி அலுவலகங்களுக்கு ஆவணமில்லாத பெரும்பாலானோரின் வழக்கை எடுக்க அனுமதி இல்லை. அப்படி ஓர் அலுவலகத்தில் “முடியாது” என்று சொன்னால், இலவச வக்கீலே கிடையாது என்று அர்த்தமில்லை. வேறு கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நகரத்துக்கு வெளியே, மேல் நியூயார்க்கில் பிடிபட்டவர்களுக்கு மாநிலப் பணம் வருகிறது. படாவியாவில் உள்ள பஃபலோ டிடென்ஷன் பக்கம் இரீ கவுண்டி பார் அசோசியேஷனின் தன்னார்வ வக்கீல் திட்டமும், மற்ற இடங்களில் பிரிசனர்ஸ் லீகல் சர்வீசஸும் இந்த வேலையைச் செய்கின்றன.

5. சேர்க்க வேண்டிய காகிதங்கள்

வக்கீல் கிடைத்த பின் அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு பை போடுங்கள்.

கோர்ட் தாள்: ‘நோட்டீஸ் டு அப்பியர்’ என்ற ஐ-862 படிவம். உள்ளே இருப்பவர் கையில் ஒரு பிரதி இருக்கும். எந்தக் காரணத்துக்காக நாடுகடத்தப் பார்க்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. இதன் பின்பக்கத்தில் ‘சீக்கிரம் விசாரணை வேண்டும்’ என்று கேட்கும் ஒரு பகுதி உண்டு. அதில் கையெழுத்துப் போட்டால், ஹியரிங்குக்கு முன் வக்கீல் தேடச் சட்டம் கொடுக்கும் பத்து நாள் போய்விடும். போட்டிருந்தால் வக்கீலிடம் உடனே சொல்லுங்கள்.

குற்ற வழக்குகள்: பழைய வழக்கு எதுவானாலும், தள்ளுபடி ஆனதானாலும், அந்தக் கோர்ட் கிளார்க்கிடம் ‘சர்டிஃபிகேட் ஆஃப் டிஸ்போசிஷன்’ வாங்குங்கள். நியூயார்க் நகரக் குற்றவியல் கோர்ட்டில் 10 டாலர். இது இல்லாமல் பாண்ட் விஷயம் (பிணைத் தொகை கட்டி வெளியே வருவது) நகராது.

குடும்பமும் வாழ்க்கையும்: கல்யாணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, பள்ளிக் கடிதம், டாக்டர் கடிதம், கோயில் அல்லது சர்ச்சிலிருந்து ஒரு கடிதம். கடிதம் எழுதுகிறவர்கள் “மிக நல்லவர்” என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எத்தனை வருஷமாகத் தெரியும், அவர் என்ன செய்தார், வீட்டில் யார் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். எழுதுகிறவரின் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு நகல் கூட இருக்கட்டும்.

ஊர்க் காகிதங்கள்: அடையாள அட்டை, போலீஸ் முறைப்பாடு, எஃப்.ஐ.ஆர்., கிராம சேவகர் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்று. தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று கையெழுத்திட்ட சான்றும் சேர்க்க வேண்டும். இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை, இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த யாரும் செய்யலாம். வழக்கில் சம்பந்தப்படாதவர் செய்தால் நல்லது. முத்திரையில் உள்ள எழுத்து, ஓரத்தில் கையால் எழுதிய குறிப்பு எதையும் விடாதீர்கள். தேதியைப் போடும்போது நாள் முன்னாலா மாதம் முன்னாலா என்பதில் கவனம். நம் ஊர் 3/7 இங்கே மார்ச் ஏழு ஆகிவிடும், பிறகு அரசுத் தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு “பொய் சொல்கிறார்” என்பார்.

6. முதல் ஹியரிங்

இதை ‘மாஸ்டர்’ என்பார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் வீடியோவில் நடக்கும். வக்கீல் இன்னும் வரவில்லை என்றால் அவர் சொல்ல வேண்டியது: “எனக்கு வக்கீல் வேண்டும், தேட அவகாசம் வேண்டும்.” நீதிபதிகள் வழக்கமாக ஒரு தவணை கொடுப்பார்கள். குற்றச்சாட்டுகள் உண்மையா என்று கேட்டால், வக்கீல் வந்த பிறகு பதில் சொல்கிறேன் என்று நிறுத்திக்கொள்ளலாம். மரியாதைக்காக “யெஸ், யெஸ்” என்று தலையாட்டுகிற நம் பழக்கம் அங்கே ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவாகும்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம். இலங்கைத் தமிழருக்கு இந்தியத் தமிழ் பேசுகிறவரோ, மறுபக்கமாகவோ வந்து, சொல்வது பிடிபடவில்லை என்றால் அந்த நிமிடமே நீதிபதியிடம் சொல்ல வேண்டும். ஹியரிங் முடிந்த பிறகு சொன்னால் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார் என்பதற்கு அடையாளம் ஈ-28 என்ற படிவம், அதைக் கோர்ட்டில் போட்டிருக்க வேண்டும். ஐஸ் அலுவலகத்தோடு பேச ஜி-28 என்று இன்னொன்று. இந்த இரண்டையும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். அதற்கு முன் யாராவது “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றால் அது ஆறுதல் வார்த்தை மட்டும்தான்.

7. வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள்

இது இலங்கைத் தமிழர்களுக்கு மிக முக்கியம். விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்கா 1997-இல் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் சேர்த்தது. இங்கேயுள்ள சட்டத்தில் அந்த அமைப்புக்குப் பணம், சாப்பாடு, தங்க இடம் கொடுத்தாலே ‘மெட்டீரியல் சப்போர்ட்’ என்று சொல்லிப் புகலிடத்தை மறுக்க முடியும். மிரட்டிப் பறித்ததாக இருந்தாலும் அந்தக் கேள்வி எழும். மிரட்டலின் பேரில் கொடுத்தவர்களுக்கு விலக்குத் தரும் வழி இருக்கிறது. புகலிடமே கிடைக்காமல் போனாலும் சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்கும் வழி இருக்கிறது. எந்த வழியில் போவது என்று வக்கீல்தான் தீர்மானிக்க வேண்டும், அதற்கு அவருக்கு முழுக்கதையும் முதலிலேயே தெரிய வேண்டும். வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது. விசாரணைக் கூண்டில் அரசுத் தரப்பு கேட்கும்போதுதான் உங்கள் வக்கீலும் முதல் முறையாகக் கேள்விப்படுகிறார் என்றால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

மொழிபெயர்க்க ஊர்க்காரரைக் கூட்டிப் போக வேண்டாம். அலுவலகமே வெளி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளும். தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் வாயில் வராத விஷயங்கள் உண்டு, முக்கியமாகப் பெண்களுக்கு.

ஏஜென்ட் எழுதிக்கொடுத்த கதையை ஒப்பித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். தெரிந்தே பொய்யான புகலிட விண்ணப்பம் போட்டதாக நீதிபதி தீர்மானித்தால், பிற்காலத்தில் கல்யாணம், வேலை என்று எந்த வழியிலும் கிரீன் கார்டு கிடைக்காதபடி கதவு அடைபடலாம்.

8. பாண்ட்

நீதிபதி பாண்ட் கொடுத்தால் மிகக் குறைந்த தொகை 1,500 டாலர். அதற்கு மேல் எவ்வளவும் இருக்கலாம். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது, வாயாலும் கேட்கலாம். இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஒருமுறை மறுத்துவிட்டால், நிலைமை கணிசமாக மாறியது என்று காட்டினால்தான் மறுபடி கேட்க முடியும். காகிதப் பை நிரம்பாமல் பாண்ட் ஹியரிங்குக்குப் போவது கையிலிருக்கும் ஒரே வாய்ப்பை வீணடிப்பது.

எல்லாருக்கும் பாண்ட் கேட்க முடியாது. சில குற்றங்களுக்குக் கட்டாயக் காவல். 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டம், திருட்டுப் போன்றவற்றில் கைதானாலே போதும் என்று, முறையான அனுமதி இல்லாமல் இருப்பவர்களையும் இதில் சேர்த்தது. விமான நிலையத்திலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கு நீதிபதி பாண்ட் தர முடியாது, ஐஸிடம் ‘பரோல்’ (தற்காலிகமாக வெளியே விடும் அனுமதி)தான் கேட்க வேண்டும். எல்லையைத் தாண்டி வந்தவர்களுக்கு இமிக்ரேஷன் நீதிபதி பாண்ட் கொடுக்க அதிகாரமில்லை என்று 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. மத்திய மாவட்ட நீதிபதிகள் பலர் இதை ஏற்காமல், ஆட்கொணர்வு மனுவில் பாண்ட் ஹியரிங் வைக்கச் சொல்லி உத்தரவிட்டிருக்கிறார்கள். மூன்றாம் பகுதியில் சொன்ன மனு இங்கேயும் உதவும். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ முறைப்படி இறங்கி, காலம் கடந்து தங்கியவர்கள் நிலை வேறு. குற்றப் பதிவு இல்லையென்றால் பொதுவாகப் பாண்ட் கேட்கலாம். எந்த வழியாக வந்தார் என்ற கேள்விக்கு இவ்வளவு எடை.

பாண்ட் தொகையை முழுதாகக் கட்ட வேண்டும். கட்டுகிறவருக்குச் சட்டப்படியான குடியேற்ற நிலை இருக்க வேண்டும். இப்போது ஐஸின் இணையதளம் வழியாக வங்கிப் பரிமாற்றமாகக் கட்டலாம். பல பேரிடம் திரட்டினாலும் ரசீது ஒருவர் பெயரில்தான் வரும், பணம் திரும்பி வந்தாலும் அவருக்குத்தான் வரும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உறவு முறிவதற்கு இதைவிடச் சின்னக் காரணங்களே போதுமாக இருக்கின்றன.

9. வக்கீல் இலவசம், ஆனாலும் ஆகும் செலவு

வக்கீல் கட்டணம் கிடையாது. யாராவது நைஃபப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர். கோர்ட் கட்டணங்கள் 2025 ஜூலைச் சட்டத்தால் ஏறிவிட்டன. புகலிட விண்ணப்பத்துக்கு அந்தச் சட்டம் 100 டாலர் வைத்தது, வறுமையைக் காட்டித் தள்ளுபடி கேட்க முடியாது. தோற்றால் வாரியத்துக்கு மேல்முறையீடு செய்ய முன்பு 110 டாலர் இருந்தது, இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இதற்குத் தள்ளுபடிப் படிவம் உண்டு, வக்கீலிடம் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கடைசித் தேதி நீதிபதியின் உத்தரவுத் தாளிலேயே இருக்கும். அந்தத் தேதிக்குள் வாரியத்தின் கையில் போய்ச் சேர வேண்டும், தபாலில் போட்ட தேதி கணக்கில்லை.

உள்ளே இருப்பவருக்கு ஃபோன், சோப்பு, சாப்பாடு என்று வாராவாரம் பணம் போகும். சம்பாதித்தவர் உள்ளே, வாடகை வெளியே. முதல் வாரத்திலேயே வீட்டுக்காரரிடம் பேசி வையுங்கள்.

10. யாரிடம் ஏமாறக் கூடாது

பலசரக்குக் கடையில் அட்டை வைத்திருக்கும் ‘இமிக்ரேஷன் கன்சல்டன்ட்’, படிவம் நிரப்பும் நோட்டரி, “எனக்கு உள்ளே ஆளைத் தெரியும்” என்பவர் ஆகிய மூவருக்கும் கோர்ட்டில் நிற்கும் உரிமையில்லை. வக்கீல் என்று சொல்கிறவரின் பெயரை நியூயார்க் கோர்ட் இணையதளத்தின் வக்கீல் தேடலில் போட்டுப் பாருங்கள், பதிவு எண்ணோடு வரும். வக்கீல் அல்லாத சிலருக்கு மத்திய அரசின் நீதித் துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, அந்தப் பட்டியலும் பொதுவில் உண்டு. இரண்டிலும் இல்லாதவருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம்.

பழைய நாடுகடத்தல் உத்தரவு இருந்தால், “இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று யார் சொன்னாலும் வக்கீல் பார்க்கும் வரை நம்பாதீர்கள். ஹியரிங்குக்கு வராததால் போட்ட உத்தரவு என்றால், நோட்டீஸே வரவில்லை என்று காட்டி எப்போது வேண்டுமானாலும் வழக்கைத் திறக்கக் கேட்கலாம். அந்த மனு நிலுவையில் இருக்கும்வரை நாடுகடத்தலும் நிற்கும். பழைய முகவரிகள், எந்தத் தேதிவரை எங்கே குடியிருந்தார் என்பதெல்லாம் இதற்குச் சான்று.

11. நியூயார்க்குக்கு வெளியே

நியூ ஜெர்சியில் 2018 முதல் மாநிலப் பணத்தில் இதே மாதிரித் திட்டம் நடக்கிறது. லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி, அமெரிக்கன் ஃப்ரெண்ட்ஸ் சர்வீஸ் கமிட்டி, ரட்கர்ஸ், சீட்டன் ஹால் சட்டக் கல்லூரிகள் இதில் இருக்கின்றன. லீகல் சர்வீசஸ் எண் 1-888-576-5529. கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ பப்ளிக் டிஃபென்டர் அலுவலகத்தில் இமிக்ரேஷன் பிரிவு உண்டு, லாஸ் ஏஞ்சலிஸில் ‘ரெப்ரசென்ட் எல்.ஏ.’ உண்டு. கொலராடோவிலும் ஒரிகனிலும் மாநிலத் திட்டங்கள் இருக்கின்றன. வேறு இடங்களில் கவுண்டி பப்ளிக் டிஃபென்டர் அலுவலகத்தை அழைத்து, காவலில் இருப்பவருக்கு அரசுப் பணத்தில் இமிக்ரேஷன் வக்கீல் உண்டா என்று நேராகக் கேளுங்கள்.

12. வெளியே வந்த பிறகு

பாண்டில் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். வழக்கு காவலில் இல்லாதவர்களுக்கான கோர்ட்டுக்கு மாறும், தேதியும் நீதிபதியும் மாறலாம். முதல் பகுதியில் சொன்ன கோர்ட்டின் தானியங்கி எண்ணில் வாராவாரம் பாருங்கள். ஒரே ஒரு ஹியரிங்குக்குப் போகாவிட்டாலும், ஆள் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு வரும், பாண்ட் பணமும் போகலாம். வீடு மாறினால் ஐந்து வேலை நாளுக்குள் ஈ.ஓ.ஐ.ஆர்-33 படிவத்தில் கோர்ட்டுக்குப் புது முகவரி சொல்ல வேண்டும். ஐஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஸ் செக்-இன் (ஐஸ் அலுவலகத்தில் ஆஜராகும்) தேதி வந்தால் போகும் முன் வக்கீலுக்குத் தகவல் கொடுங்கள்.

பாண்ட் கட்டியவர் ஐ-352 ஒப்பந்தத்தையும் ஐ-305 ரசீதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வழக்கு முடிந்து ஐ-391 என்ற ரத்து அறிவிப்பு வந்த பிறகுதான் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியும், அதற்கு வருஷங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் பணம் கட்டியவர் வீடு மாறினால், ஐ-333 படிவத்தில் அவரும் முகவரியை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அறிவிப்பு பழைய வீட்டுக்குத்தான் போகும்.